ஸ்டேடியத்தை இடித்த கதை

கேள்வி: சிகாகோ பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு அங்கே பிரம்மாண்டமான நூலகம் கட்டியிருக்கிறது. எழுத்தறிவில் தமிழகத்திலேயே கடைசியில் இருந்த நம் தருமபுரி மாவட்டத்தில் கல்லூரிக்குக் கல்லூரி மைதானம் எதற்கு? நாமும் அப்படிச் செய்தால் என்ன?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: 2011 கணக்கெடுப்பில் நாம் 68.5 சதவீதத்தோடு கடைசியில் நின்றது உண்மை. சிகாகோவில் நூலகம் இருப்பதும் உண்மை; ரீஜென்ஸ்டைன் நூலகம், 1970-ல் திறந்தார்கள். இரண்டுக்கும் நடுவே நீங்கள் போடுகிறீர்களே, அதுதான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சு.

அந்த மைதானம் 1893-ல் வந்தது. நிலம் கொடுத்தவர் மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய கடை முதலாளி. ஆடியது நம் பையன்கள் உதைக்கும் ஃபுட்பால் இல்லை, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளை முட்டித் தள்ளி ஓடும் அமெரிக்க ஆட்டம். கோச் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் 1892 முதல் நாற்பது வருஷம் அங்கே ராஜாங்கம் நடத்தினார். மைதானத்துக்கே பிறகு ஸ்டாக் ஃபீல்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு உச்ச மரியாதையான ஹைஸ்மன் கோப்பையை 1935-ல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கரும் இந்தப் பல்கலைக்கழகத்துப் பையன்தான்.

1929-ல் ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவராக வந்தார். வயது முப்பது. படிப்பை ஓரங்கட்டிவிட்டு டிக்கெட் வசூலுக்காக ஆள் பிடித்து ஆட வைப்பது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மற்ற பல்கலைக்கழகங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. சிகாகோ செய்யாமல் அடிவாங்கியது. 1939-ல் மிச்சிகனிடம் 85-0. ஹார்வர்டிடம் 61-0, ஒஹாயோ ஸ்டேட்டிடமும் அதே 61-0. அந்த டிசம்பரில் ஹட்சின்ஸ் அணியைக் கலைத்தார். கலைத்தது அணியைத்தான். மாணவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்வதில் அவர் கை வைக்கவில்லை. உங்கள் கேள்வி தாண்டிக் குதித்துப் போன இடம் இது.

(இடையில் ஒன்று. நம் வானியல் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகரை 1937-ல் அங்கே சேர்த்துக்கொண்டதும் இதே ஹட்சின்ஸ்தான். தோல் நிறத்தைக் காரணம் காட்டி, சந்திரசேகர் வளாகத்தில் வகுப்பெடுக்கக் கூடாதென்று ஒரு டீன் முரண்டு பிடித்தபோது, தாராளமாக எடுக்கட்டும் என்று சொன்ன மனிதர். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது.)

ஆட்டம் நின்றதும் கேலரிகள் சும்மா கிடந்தன. மேற்குக் கேலரிக்கு அடியில், சுவரில் பந்தடித்து ஆடும் கூடம் ஒன்று. 1942 குளிர்காலத்தில் இயற்பியல் விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மியின் குழு அதற்குள் கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்க ஆரம்பித்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகள், 57 அடுக்கு. சுமந்தவர்களில் பலர் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, பட்டாளத்துக்கு அழைப்பு வருவதற்குள் நாலு காசு பார்க்க வந்த பக்கத்துப் பேட்டைப் பையன்கள். கரித்தூள் அப்பி ஆளுக்கு ஆள் கறுப்பு, தரையோ வழுக்கல். கணப்பு கிடையாது. டிரம்மில் கரி மூட்டிப் பார்த்தார்கள், புகை தாங்கவில்லை. கடைசியில் ஒரு பழைய லாக்கரைத் திறந்தால் ஃபுட்பால் காலத்து ரக்கூன் ரோமக் கோட்டுகள்! குளிரில் வெடவெடத்த காவலாளிகள் அதை மாட்டிக்கொண்டுதான் காவல் நின்றார்கள். டிசம்பர் 2 பிற்பகல், மனிதன் மூட்டிய முதல் அணுத் தொடர்வினை, அதாவது ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்க வைக்கும் சங்கிலி, அந்தக் கேலரிக்கு அடியில் ஓடியது. சக்தி வெறும் அரை வாட். ஊருக்கு நடுவே இதைச் செய்யப் போகிறோம் என்று இந்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த ஆர்தர் காம்ப்டன் ஹட்சின்ஸிடம் முன்கூட்டிக் கேட்கவே இல்லை. கேட்டால் ஹட்சின்ஸ் வேண்டாம் என்றுதான் சொல்லியாக வேண்டும் என்று காம்ப்டனுக்குத் தெரியும்.

மேற்குக் கேலரியை இடித்தது 1957-ல், அணியைக் கலைத்துப் பதினெட்டு வருஷம் கழித்து. அப்போதும் தரை மிச்சம் இருந்தது. 1963-ல் அங்கே ஃபுட்பாலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தபோது, உங்களைப் போலவே நினைத்த மாணவர்கள் நடு மைதானத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அந்தப் புள்ளி உங்களுக்கே. ஆனால் 1969-ல் முறையான அணி மறுபடி வந்துவிட்டது. நூலகம் பழைய இடத்தில் எழுந்தது; சில தெரு தள்ளி, அதே ஸ்டாக் பெயரில் வேறு மைதானம் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஆடுகிறார்கள். இந்தப் பாதியை உங்களுக்குச் சொன்னவர் சொல்லவில்லை போலிருக்கிறது.

இனி நம் கதைக்கு வருவோம். இடிப்பதற்கு இங்கே கேலரி எங்கே இருக்கிறது? இருப்பது செம்மண் தரையும் இரண்டு துருப்பிடித்த கோல் கம்பமும். விடியற்காலையில் போலீஸ் செலக்‌ஷனுக்கும் மிலிட்டரிக்கும் ஓடுகிற பையன்கள் ஓடுவது அதில்தான். பொதுக்கூட்டம், பொருட்காட்சி என்று பந்தல் போட்டுப் போனவர்கள் கம்பு நட்ட குழியை மூடுவதில்லை. ஓடுகிறவன் காலைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். பள்ளிகளில் இன்னும் மோசம். ஊத்தங்கரைப் பக்கம் மதிப்பெண்ணுக்குப் பேர்போன பள்ளியில் படித்த யாரையாவது பிடித்து, பி.டி. பீரியடில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்பார்கள். ஹட்சின்ஸ் எதிர்த்தது, படிக்க வந்தவனை வேடிக்கைப் பொருளாக்கிக் காசு பார்ப்பதை. அந்த வியாதி வருகிற அளவுக்குக்கூட நம் மாவட்டத்தில் யாரும் ஆடவில்லை, அன்பரே. வராத வியாதிக்கு ஆபரேஷன் கேட்கிறீர்கள்.

நூலகம் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கலெக்டருக்கு மனு எழுதி இந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. இடம் என்று கேட்டிருக்கும் கட்டத்தில் கல்லூரி மைதானத்தின் சர்வே நம்பர் இருந்தால் மட்டும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்டாம்பு ஒட்டிய கவரையும் சேர்த்தே வையுங்கள்.