பயணக் கேள்வி பதில்: ஒன்பது பேர், ஒரு ஆர்.வி., நாலு பூங்கா

கேள்வி: அக்கா, கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணா வருகிற ஜூலையில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். கட்டில், குசினி, டொய்லெட் எல்லாம் உள்ள ஆர்.வி. வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரொறன்ரோவிலிருந்து இரண்டு கிழமைப் பயணமாகப் புண்டி, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, கேப் பிரெட்டன், கெஜிம்குஜிக் என்று நாலு கடற்கரைப் பூங்காக்களைக் காட்டப் போகிறாராம். அண்ணா வீட்டில் நாலு பேர், நாங்கள் நாலு பேர், அதோடு அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் நோ. வானுக்குள் அவரைச் சமாளிக்கலாமா? ரைஸ் குக்கரை இங்கிருந்து கொண்டுபோகலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், தங்கச்சி. விட வேண்டியது அம்மாவை அல்ல, நாலு பூங்காவில் இரண்டை.

ரொறன்ரோவிலிருந்து புண்டிக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரத்தைப்போல நாலு மடங்குக்குக் கிட்ட வரும். போக வர என்று கணக்குப் பார்த்தால் இரண்டு கிழமையில் பாதி நெடுஞ்சாலையிலேயே போய்விடும். அண்ணாவிடம் சொல்லுங்கள்: கிழக்குக் கரை நகரமான ஹலிபக்ஸுக்கு விமானத்தில் போய், அங்கே ஆர்.வி. எடுக்கட்டும். அங்கிருந்து புண்டிக்கு மூன்று, மூன்றரை மணி நேர ஓட்டம்தான். புண்டியில் ஒரு கிழமை, தீவில் ஒரு கிழமை. கேப் பிரெட்டனும் வடிவான இடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சாமானைக் கட்டி, வயரைக் கழற்றி, அம்மாவை ஏற்றி இறக்கிப் போகும் பயணத்தில் அவர் பார்க்கப்போவது ஜன்னலை மட்டும்தான்.

அடுத்தது, ஒன்பது பேர் ஒரு ஆர்.வி.யில் போக ஏலாது. கட்டில் எத்தனை என்று கேட்பதற்கு முன் சீற் பெல்ட் எத்தனை என்று கேளுங்கள். வான் ஓடும்போது பின்கட்டிலில் படுத்துக்கொண்டு வருவது ஆபத்து. ஒரு ஆர்.வி.யும் ஒரு காரும் எடுங்கள். அம்மா காரில் முன் சீற்றில் வரட்டும். வானைப் பூங்காவில் நிறுத்திவிட்டுக் கடைக்கோ மருந்தகத்துக்கோ ஓடவும் கார் உதவும். ஒரு இடத்தில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்று பூங்காக்களில் வரம்பு உண்டு, ஆகவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் பதிவுசெய்யுங்கள். ஜூலைக்கான பதிவு ஆண்டுத் தொடக்க மாதங்களிலேயே திறந்துவிடும். பிந்தினால் நல்ல இடங்கள் போய்விடும்.

டொய்லெட் விஷயத்தை வெட்கப்படாமல் கதைப்போம். வானில் மூன்று தாங்கி இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குசினி, குளியல் தண்ணீருக்கு ஒன்று, மலக்கழிவுக்கு ஒன்று. நாங்கள் தண்ணீர் பாவிக்கும் ஆட்கள் என்பதால் கழிவுத் தாங்கி மற்றவர்களுக்கு நிறைவதைவிடக் கெதியாக நிறையும். ஒரு சின்ன ஜக் வைத்து அளவாகப் பாவியுங்கள், ஆர்.வி.க்கென்று விற்கும் கரையக்கூடிய தாளை மட்டும் போடுங்கள். பகலில் எல்லோரும் பூங்காவின் பொதுக் கழிவறைக்கும் குளியலறைக்கும் போகட்டும், வானுக்குள் இருப்பதை அம்மாவுக்கு இரவில் பாவிக்க விடுங்கள். கழிவை வெளியேற்றும் இடத்தில் முதலில் மலக்கழிவுத் தாங்கி, அதற்குப் பிறகுதான் மற்றது. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் அதே குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை முக்கியம். அண்ணாவும் உங்கள் கணவரும் முதல் நாளே இதைப் பழகிக்கொள்ளட்டும்.

ரைஸ் குக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எங்களுடைய கரண்ட் 230 வோல்ட், அங்கே 120. இங்கத்தைய குக்கரை அங்கே மாட்டினால் நாலில் ஒரு பங்குச் சூடுதான் வரும், அரிசி ஊறிக்கொண்டுதான் இருக்கும். அண்ணா தன் வீட்டுக் குக்கரைக் கொண்டுவரட்டும். 30 அம்பியர் இணைப்புள்ள இடம் என்றால் மொத்தம் 3,600 வாட், ஏ.சி., மைக்ரோவேவ், குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். கருவாடு பொரிப்பதென்றால் வானுக்கு வெளியே, காஸ் அடுப்பில். உள்ளே பொரித்தால் அந்த வாடை மெத்தையை விட்டுப் போகாது, வானை வாடகைக்குக் கொடுத்தவர் துப்புரவுக் காசும் கேட்பார். சாப்பிட்ட மிச்சத்தை மேசையில் விடக் கூடாது. புண்டிக் காட்டில் கருங்கரடி உண்டு, மணம் பிடித்து வரும். விறகும் அங்கேயே வாங்குங்கள், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் விறகோடு மரத்தைத் தின்னும் பூச்சிகள் காட்டுக்குள் போய்விடும்.

புண்டியில் அல்மா என்ற சின்னக் கிராமத்துக்குக் கிட்ட இருக்கும் ஹெட்குவார்ட்டர்ஸ் முகாமில் இடம் கிடைத்தால் வேறெதுவும் யோசிக்க வேண்டாம். அல்மா இறங்குதுறைக்கு ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுபோய் அம்மாவை இருத்துங்கள். என் மாமியார் பருத்தித்துறைக்காரி, கடல் அவருக்குப் புதிதல்ல. மத்தியானம் மீன்பிடிப் படகுகள் தண்ணீரே இல்லாமல் தரையில் குந்தியிருந்ததைப் பார்த்தார். பின்னேரம் அதே படகுகள் துறை மட்டத்துக்கு எழும்பி நின்றன. ‘இவ்வளவு தண்ணியும் எங்க போய்ட்டு வருது?’ என்று கேட்டார். புண்டி வளைகுடா உள்ளே போகப்போக ஒடுங்கி, ஆழமும் குறைந்துகொண்டு போகிறது. தண்ணீர் உள்ளே போய்த் திரும்பும் நேரமும் அத்திலாந்திக் கடலின் ஏற்ற இறக்கச் சுற்றும், அதாவது ஏறக்குறையப் பன்னிரண்டரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. அதனால் ஒவ்வொரு ஏற்றமும் அடுத்ததைத் தள்ளிக்கொடுக்கிறது. வளைகுடாவின் உள்முனையில் நீர்மட்டம் 16 மீற்றர்வரை ஏறி இறங்கும், அல்மாவில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எங்கள் காலிமுகத்திடலில் இந்த வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை!

ஆகவே உங்கள் நாளை மணிக்கூடு தீர்மானிக்கக் கூடாது, வற்று நேர அட்டவணைதான் தீர்மானிக்க வேண்டும். வற்று நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். வற்றின நேரம் பிள்ளைகள் கடல் தரையில் நடக்கலாம், ஆனால் தண்ணீர் திரும்புவதற்கு முன் கரைக்கு வந்துவிட வேண்டும். ஜூலையிலும் அங்கே மூடுபனி வரும், இரவில் குளிரும். அம்மாவுக்கு ஸ்வெற்றரும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

குளிப்பதற்குப் புண்டி சரிவராது, தண்ணீர் ஐஸ் மாதிரி. அதற்குத்தான் தீவு. 1997-இல் திறந்த 12.9 கிலோமீற்றர்ப் பாலத்தால் போகலாம். கட்டணம் தீவை விட்டு வரும்போதுதான். கவெண்டிஷ் முகாம் கடற்கரையோடு ஒட்டியது. கல்லில் இரும்பு இருப்பதால் கரையெல்லாம் சிவப்பு. கயிறு கட்டி மறித்த இடங்களுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள், அங்கே சின்னக் கரைப்பறவைகள் மணலில் முட்டையிடும்.

கேள்வி: கனடாவுக்கெல்லாம் எங்களுக்கு வசதியில்லை. இங்கேயே கேம்பர் வான் எடுத்து யாலவுக்குள் தங்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வானோடு உள்ளே தங்க முடியாது, தம்பி. எங்கள் தேசியப் பூங்காக்களுக்குள் கரண்டும் தண்ணீரும் இணைத்துத் தரும் வான் தரிப்பிடம் கிடையாது. உள்ளே போக ஜீப் வேண்டும். கூடாரம் அடிக்கும் இடங்களை வனசீவராசிகள் திணைக்களத்திடம், தலைமையகம் பத்தரமுல்லையில், முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். குடும்பத்தோடு என்றால் யாலவைவிடக் குமணவைத்தான் சொல்வேன். மே முதல் ஓகஸ்ட்வரை கிழக்குக் கடல் அமைதி. வானை அறுகம் குடாவில் ஒரு விடுதி வளவுக்குள் நிறுத்திவிட்டு, விடியப்புறம் ஜீப்பில் பாணமை வழியாகப் போங்கள். பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே உகந்தை முருகன் கோவில். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் அங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்குவார்கள். கூடாரத்துக்குள் பழம் வைக்காதீர்கள், யானை வரும்.

கேள்வி: இலங்கை லைசென்ஸோடு நான் கனடாவில் ஆர்.வி. ஓட்டலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒன்றைக் கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷனில் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. இங்கத்தைய மூல லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் உங்கள் பெயரைக் காப்புறுதியில் சேர்க்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே வலப்பக்க ஓட்டம். முதல் நாள் காலையில் ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்தில் திருப்பிப் பழகுங்கள், பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று கை காட்டட்டும்.