யூதச் சமூகத்தில் பெண்களின் தன்னார்வத் தலைமை என்றால் என்ன?

சம்பளமோ மதப் பதவியோ இல்லாமல், சமூகத்தின் பள்ளி, உதவிச் சங்கம் போன்றவற்றைப் பொறுப்பேற்று நடத்துவதுதான் இது. கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்கும் பெரியம்மா மாதிரி. யாரும் நியமிக்கவில்லை, ஆனால் அவர் இல்லாமல் வேலை ஓடாது.

நல்ல உதாரணம், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வாழ்ந்த ரெபெக்கா கிராட்ஸ் (1781–1869). அப்போது ஏழை யூதர்களுக்கு உதவிய கிறிஸ்தவ அமைப்புகள் சில, சாப்பாட்டோடு மதப் பிரசாரத்தையும் சேர்த்தே பரிமாறின. அதனால் 1819-இல் மற்ற பெண்களோடு சேர்ந்து யூதர்களுக்கெனத் தனி உதவிச் சங்கம் தொடங்கினார். அப்புறம் 1838-இல் யூதப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி. என் பார்வையில் இதுதான் பெரிய சாதனை: பாடம் நடத்தியவர்கள் பெண்கள், பையன்களோடு பெண் பிள்ளைகளும் படித்தார்கள்.

திருமணமாகாததால் பொழுதுபோக்காகச் செய்தார் என்று சிலர் நினைப்பதுண்டு; உண்மையில், இறந்துபோன தங்கையின் பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார்.