அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து ஆபரேஷன் முடிந்திருக்கிறது. அத்தைக்குக் கருப்பையில் வந்தது. தாத்தாவும் 'வயிற்றுக் கட்டி'யில்தான் போனார் என்கிறார்கள். அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் எம்எஸ்எச்2 புரதம் இல்லை என்று போட்டிருக்கிறது. டாக்டர், 'செல்லில் ரிப்பேர் வேலை நடக்கவில்லை' என்றார். எனக்கு 27 வயது. எனக்கும் வருமா? அப்பா ஏதாவது தப்பாகச் சாப்பிட்டாரா?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: சாப்பாட்டின் மேல் பழி போட்டு அப்பாவை வருத்தப்பட வைக்காதீர்கள் அம்மா. டாக்டர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது, அதையே பிரித்துச் சொல்கிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். அம்மா வழியில் 300 கோடி, அப்பா வழியில் 300 கோடி, ஆக 600 கோடி எழுத்து. எழுத்து நான்கே வகைதான். டிஎன்ஏ இரட்டை இழை; ஓர் இழையின் ஏ எதிரே மற்றதில் டி, ஜி எதிரே சி என்று ஜோடி சேர வேண்டும். படியெடுக்கிற பாலிமரேஸ் என்ற புரதம் லட்சத்துக்கு ஒரு தடவை போலத் தப்பான எழுத்தை வைத்துவிட்டு, உடனே பின்னால் நகர்ந்து தானே அழித்துத் திருத்தியும் விடும். அப்படியும் கோடிக்கு ஒன்று தப்பிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் 600 பிழை!

இவற்றைப் பிடிக்கத்தான் எம்எஸ்எச்2 இருக்கிறது. ஜி எதிரே டி உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் இழையின் வடிவம் லேசாகக் கெடும். எம்எஸ்எச்2, தன் கூட்டாளி எம்எஸ்எச்6 உடன் சேர்ந்து இழையைக் கவ்வியபடி அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். அப்புறம் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற வேறு இரண்டு புரதங்களும் வந்து புது இழையை மட்டும் வெட்டும். பழைய இழைதான் மூலப்பிரதி, அதில் கை வைக்கக் கூடாது. பிழை இருக்கிற பகுதியை நீளமாக உரித்தெடுத்து, புதிதாக நிரப்பி, ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாக்டீரியாவில் படிப்படியாகக் கண்டறிந்த பால் மாட்ரிச்சுக்கு 2015 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

சரி, இது இல்லாவிட்டால்? ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிற இடங்களில் பாலிமரேஸ் வழுக்கும், ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடும். 'போதும், வளராதே' என்ற சேதியை வாங்கிக்கொள்ளும் டிஜிஎஃப்பிஆர்2 மரபணுவில் ஓரிடத்தில் பத்து 'ஏ' வரிசையாக நிற்கின்றன. பத்து ஒன்பதானால் அதற்குப் பின்னால் உள்ள வாசகமே குளறுபடி. சேதி வந்தாலும் செல்லுக்குக் கேட்காது, அது பாட்டுக்குப் பெருகும்.

உங்கள் குடும்பத்தைப் பார்த்தால் லிஞ்ச் சிண்ட்ரோம், அதாவது இந்த ரிப்பேர் மரபணுவின் பழுது வழிவழியாக வருகிற நிலை என்றுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தையல்காரப் பெண் ஒருவர் ஆல்ட்ரெட் வார்தின் என்ற டாக்டரிடம், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றார். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து அந்தக் குடும்பத்தின் மரபணுவைப் பார்த்தபோது கெட்டிருந்தது இதே எம்எஸ்எச்2. அந்தப் பெண்ணுக்குச் சோதனை எதுவும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வழிவழியாக வருவது புற்றுநோய் அல்ல, பழுதான ஒரு பிரதி. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று போனாலும் மற்றது வேலை பார்க்கும். குடலில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெடும்போதுதான் சிக்கல். அப்பாவிடம் அந்தப் பழுது இருந்தால் உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலில் அப்பாவுக்கு ரத்தத்தில் மரபணுச் சோதனை. பழுது எதுவென்று தெரிந்த பிறகு உங்களுக்கு அதை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்று வந்தால் உங்கள் ஆபத்து மற்றவர்களுக்கு உள்ள அளவுதான். இருந்தால் ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி, அதாவது கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. முளைக்கிற பாலிப்பை (சின்னச் சதை வளர்ச்சியை) அங்கேயே எடுத்துவிடுவார்கள். மாதவிடாய்க்கு நடுவே ரத்தப்போக்கு வந்தால் தள்ளிப்போடாமல் பெண்கள் டாக்டரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு ஒருவேளை திரும்பி வந்தாலும் வழி இருக்கிறது. பிழை மலிந்த கட்டியை உடலின் எதிர்ப்புச் சக்தி அந்நியமாக அடையாளம் காணும். இப்படி ரிப்பேர் இழந்த கட்டிகளுக்கு, எந்த உறுப்பில் இருந்தாலும், அந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கொடுக்க 2017-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று நம் வீடுகளில் இதை மூடி மறைக்கிறார்கள், எனக்கு அது தாங்கவில்லை. அப்பாவின் ரிப்போர்ட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தை பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.