அடாப்டிவ் சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? பெங்களூரு நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நம் பெங்களூரு தமிழ் நண்பர்களில் பலர் இந்த ஆண்டு சொகுசு எஸ்யூவி வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். சஸ்பென்ஷன் டியூனிங்தான் என் தொழில் என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வைட்ஃபீல்டு நண்பர்: ஒரு ஷோரூமில் "அடாப்டிவ்" என்கிறார்கள், இன்னொன்றில் "ஏர் சஸ்பென்ஷன்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றா சார்?

இல்லை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது டேம்பர், அதாவது நாம் ஷாக் அப்சார்பர் என்று சொல்வது. அடாப்டிவ் என்றால் பெரும்பாலும் டேம்பர் மட்டும்தான் மாறும். உள்ளே எண்ணெய் ஓடும் வழியை மின்சார வால்வு ஒன்று அகலப்படுத்தும், குறுக்கும். சென்சார் சொல்வதைக் கேட்டு இது நொடிக்குள் பல தடவை நடக்கும். இன்னொரு வகையில் எண்ணெயிலேயே நுண்ணிய இரும்புத் துகள் கலந்திருக்கும். காந்தப் புலம் வந்ததும் எண்ணெய் கெட்டிப்படும். 2002இல் கேடிலாக் செவில் காரில் வந்தது இந்த வகைதான்.

ஏர் சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் காற்று நிரப்பிய ரப்பர் பை இருக்கும். கூடவே கம்ப்ரஸர், உயரம் பார்க்கும் சென்சார்கள். வண்டியை ஏற்றலாம், இறக்கலாம். சொகுசு எஸ்யூவிகளில் இதோடு அடாப்டிவ் டேம்பரும் சேர்ந்தே வருவதுதான் வழக்கம், ஆனால் எல்லா வேரியண்டிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விற்பனையாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: டேம்பர் மாறுமா? உயரம் மாறுமா? பதிலை அந்த வேரியண்டின் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

சர்ஜாபூர் ரோட்டிலிருந்து: எங்கள் ஏரியா ரோடு உங்களுக்கே தெரியும். அடாப்டிவ் போட்டால் பள்ளத்தில் அடி விழுவது தெரியாமல் இருக்குமா அண்ணா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. ஷோரூமில் அதிகம் தப்பாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

ரோட்டிலிருந்து நமக்கு வரும் குலுக்கல் இரண்டு வகை. ஒன்று, வண்டியின் உடம்பு மொத்தமாக மேலும் கீழும் போவது. நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஆட்டம்தான் இருக்கும். மேம்பாலம் ஏறி இறங்கும்போதும், நீளமான அலை போன்ற ரோட்டிலும் இதைப் பார்க்கலாம். அடாப்டிவ் டேம்பர் அருமையாக வேலை செய்வது இங்கேதான். இன்னொன்று, கூர்மையான விளிம்பு: கேபிள் போடத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய குழி, தார் போடும்போது தாழ்ந்துபோன மேன்ஹோல் மூடி. இதில் சக்கரம் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அதிரும். அந்த அடியை முதலில் வாங்குவது டேம்பர் அல்ல, டயர்.

அதனால் டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். டயரிலேயே எழுதியிருக்கும். 255/55 ஆர்19 என்றால் டயரின் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 55 சதவீதம், சுமார் 140 மில்லிமீட்டர்; 19 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். 275/40 ஆர்21 என்றால் 110 மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் ரப்பரையும் காற்றையும் இழந்துவிட்டு, அதை ஈடுகட்டச் சில லட்சம் கொடுத்து எலெக்ட்ரானிக் டேம்பர் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரன்ஃப்ளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) என்றால் பக்கச் சுவர் இன்னும் விறைப்பு. சர்ஜாபூர் ரோட்டில் குடியிருப்பவர் முதலில் சிறிய ரிம் உள்ள வேரியண்டைக் கேளுங்கள். அடாப்டிவ் அதற்கு அப்புறம். 21 இஞ்ச் ரிம் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஒரு குழி போதும், ரிம்மே வளைந்துவிடும்.

அல்சூரிலிருந்து ஓர் அக்கா: அம்மாவுக்கு முழங்கால் வலி, உயரமான வண்டியில் ஏற முடியவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தால் பையனுக்கு வாந்தி. இரண்டுக்கும் இது உதவுமா?

அம்மாவுக்கு உதவும், ஆனால் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால்தான். உதாரணத்துக்கு லேண்ட் ரோவரின் டிஃபெண்டர் 110 எஸ்யூவி, ஏறி இறங்குவதற்காக 50 மில்லிமீட்டர் தாழும். கேட்கச் சின்ன அளவாகத் தெரியும், வலிக்கிற முழங்காலுக்கு அது பெரிய வித்தியாசம். அம்மாவையே ஷோரூமுக்கு அழைத்துப் போய், வண்டியை இறக்கிவைத்து, அவரையே ஏறச் சொல்லிப் பாருங்கள். பக்கவாட்டில் கால்படி இருந்தால் அது எங்கே வருகிறது என்றும் பாருங்கள். இறக்கிய வண்டியில் சில நேரம் அது காலுக்கு இடைஞ்சல்தான்.

பையன் விஷயம் வேறு. வாந்தி வரவைப்பது பெரும்பாலும் மெதுவான ஆட்டம், நொடிக்கு அரை ஆட்டத்துக்கும் குறைவானது. பிரேக், ஆக்ஸிலரேட்டர், வளைவு எல்லாம் அதில் சேர்த்தி. டேம்பரை மென்மையாக வைக்கும் கம்ஃபர்ட் மோடில் சில வண்டிகள் மிதந்து மிதந்து போகும், குழந்தைகளுக்கு அது ஆகாது. மென்மைக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் உள்ள மோடில் வைத்து, பிரேக்கைப் பதமாக மிதித்து ஓட்டுங்கள். ஃபோனைக் கையில் கொடுக்காமல் வெளியே பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெயநகர்: டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது? அவர்கள் கூட்டிப்போகும் ரோடு எப்போதும் வழவழவென்றுதான் இருக்கிறது.

அவர்கள் சொல்லும் ரோட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். உங்கள் வீட்டுத் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு டீலரிடம் போங்கள்.

முதல் வேலை டயர் காற்றழுத்தம் பார்ப்பது. ஷோரூம் வண்டிகளில் அது பல நேரம் சரியாக இருப்பதில்லை. கூடவோ குறையவோ இருந்தால் நீங்கள் எதைப் பரிசோதித்தாலும் பொய்தான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஒரே வேகத்தடையை ஒரே வேகத்தில் மூன்று மோடிலும் தாண்டுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துக்கானது. நம் தெருக்களில் இருப்பது அதில் கால்வாசி அகலம்கூட இல்லாத, திடீரென்று எழும்பும் மேடு. அதைத் தாண்டி முன் சக்கரம் கீழே இறங்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வருகிறதா? டேம்பர் முழு நீளத்துக்கு விரிந்து முட்டுகிறது என்று அர்த்தம். நல்ல அடாப்டிவ் டேம்பர் இந்த விரிதலைக் கடைசியில் மெதுவாக்கிவிடும். மோடு மாற்றியும் இந்தச் சத்தத்தில் வித்தியாசமே இல்லை என்றால் அந்த வண்டியில் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமும் இல்லை.

கடைசியாக, ஓட்டுவதை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள். முன்னால் இருந்து பார்த்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டி.

எலெக்ட்ரானிக் சிட்டி: மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சேலம், நடுவில் ஏற்காடு, கொல்லிமலை. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். எனக்கு?

வாங்குங்கள். இந்தப் பட்டியலில் நான் தயங்காமல் சொல்லும் ஒரே ஆள் நீங்கள்தான். முழுச் சுமையில் சாதாரண ஸ்பிரிங் பின்பக்கம் அமுங்கிவிடும், மிச்சம் இருக்கும் அசைவு குறைவு. கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு மேடு பள்ளத்தில் பின்புறம் மோதி எழும்பும், ஹெட்லைட் மேலே தூக்கி எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஏர் சஸ்பென்ஷன் சுமையை உணர்ந்து மட்டத்தைச் சரி செய்துகொள்ளும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பிரேக் மிதிக்கும்போது மூக்கு தாழ்வதை அடாப்டிவ் டேம்பர் அடக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி சாய்ந்து நிமிர்வது பதமாக இருக்கும். இறுக்கமான மோடை மலைக்கு மட்டும் வையுங்கள்.

மாரத்தஹள்ளி: மழைக்கு ரிங் ரோடு ஏரியாகிவிடுகிறது. உயர்த்திக்கொண்டு போய்விடலாமா?

கொஞ்சம் உதவும். டிஃபெண்டர் 110க்கு நிறுவனம் சொல்லும் நீராழம் ஏர் சஸ்பென்ஷனில் 900, சாதாரண ஸ்பிரிங்கில் 850 மில்லிமீட்டர். வித்தியாசம் அவ்வளவுதான். தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை இருந்தால் எந்த உயரமும் காப்பாற்றாது. இதற்காக வாங்காதீர்கள்.

ஹெப்பாள்: ஏழு வருஷ ஜெர்மன் எஸ்யூவி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, ஏர் சஸ்பென்ஷன். பயப்பட வேண்டுமா சார்?

பயப்பட வேண்டாம், ஆனால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். காற்றுப் பையின் ரப்பர் மடிப்புகளில் காலப்போக்கில் நுண்ணிய வெடிப்பு விழும். லேசாகக் கசிய ஆரம்பித்ததும் கம்ப்ரஸர் விடாமல் ஓடி ஈடுகட்டும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் பையோடு கம்ப்ரஸரும் போகும், செலவு இரட்டிப்பு.

இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் மாலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் மேல்வளைவு உயரத்தையும் டேப்பால் அளந்து குறித்துவையுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமல், கதவைத் திறக்காமல் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு. பையின் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். உரிமையாளர் இரவு நிறுத்த மறுத்தால், அதுவே பதில்.

புது வண்டி வாங்குபவர்களுக்கும் இதில் ஒன்று உண்டு. எக்ஸ்டெண்டெட் வாரண்டியில் காற்றுப் பை, டேம்பர், கம்ப்ரஸர் மூன்றும் பெயர் சொல்லி இருக்கின்றனவா என்று படியுங்கள். தேய்ந்து போனதற்கு இன்ஷூரன்ஸ் தராது. விபத்தில் கிழிந்தாலும் சாதாரண பாலிசியில் ரப்பர் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஆகவே தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுங்கள். பஞ்சர் கடையில் ஜாக்கி போடும் முன் மெனுவில் ஜாக் மோடு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டி தானாக மட்டம் பிடிக்கப் பார்க்கும்.

பன்னேர்கட்டா ரோடு: சாதாரண வேரியண்ட் வாங்கி வெளியில் மாட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். சென்சார், கம்ப்யூட்டர், வயரிங், மென்பொருள் எல்லாம் சேர்ந்துதான் அது வேலை செய்யும். வாரண்டியும் சிக்கலாகும்.

கோரமங்களா: டிரைவர் ஓட்டுகிறார், பின் சீட்டில் லேப்டாப்போடு நான். வீடு, ஆபீஸ், வீடு. அடாப்டிவ் டேம்பர் உள்ள வேரியண்ட் 21 இஞ்ச் ரிம்மோடுதான் வருகிறது. கீழே உள்ளது 19 இஞ்ச், சாதாரண சஸ்பென்ஷன். எது?

கீழே உள்ளது. உங்கள் வேகம் பெரும்பாலும் 30ஐத் தாண்டாது. அந்த வேகத்தில் உங்களைத் தொந்தரவு செய்வது குழி விளிம்புகள்தான், அதை உயரமான டயர்தான் சமாளிக்கும். மேலே உள்ள வேரியண்டில் 19 இஞ்ச் ரிம் மாற்றித் தருவார்களா என்று ஒருமுறை கேளுங்கள். எழுத்தில் சம்மதித்தால் மட்டும் முடிவை மாற்றுங்கள். அதற்கு முன் டிரைவரையும் டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப் போங்கள். தினமும் அந்தக் குழிகளைப் பார்த்து ஓட்டப்போவது அவர்தான்.