தொலைவில் ஓடும் விளையாட்டு

கேள்வி: விலையுயர்ந்த கணினி வாங்காமலே, கிளவுட் கேமிங் மூலம் பெரிய விளையாட்டுகளை ஆடலாம் என்கிறார்களே, தாமதம் இடையூறாக இருக்காதா?

பதில்: தாமதம் இருக்கும்; அது உறுத்துமா என்பது நீங்கள் ஆடும் விளையாட்டைப் பொறுத்தது. நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி தொலைவிலுள்ள சர்வருக்குச் சென்று, அங்கே உருவாகும் காட்சி வீடியோவாகச் சுருக்கப்பட்டுத் திரும்பி வந்து, உங்கள் கருவியில் விரிக்கப்பட்ட பிறகே திரையில் தெரிகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்வதால், 1,000 கி.மீ. அப்பாலுள்ள சர்வருக்குப் போய்வரவே 10 மில்லி நொடி ஆகிவிடும். எவ்வளவு பணம் கட்டினாலும் இயற்பியல் தள்ளுபடி தராது. நொடிக்கு 60 காட்சிகள் ஓடும் விளையாட்டில் ஒரு காட்சி திரையில் நிற்பதே சுமார் 17 மில்லி நொடிதான்.

ஆகவே சதுரங்கம், வியூக விளையாட்டு, நிதானமான கதை விளையாட்டு ஆகியவற்றுக்கு இச்சேவை போதும். போட்டியாகச் சுடும் விளையாட்டுக்கும் சண்டை விளையாட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலர் இணைய வேகத்தை மட்டுமே பார்க்கிறார்கள். வேகம் நிறைய இருந்தும், தாமதம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கினால் ஆட்டம் திக்கும். பெரும்பாலும் வீட்டு வைஃபைதான் காரணம் என்பதால், ரூட்டரிலிருந்து நேரடியாகக் கேபிள் இழுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: கூகுள் 2019இல் தொடங்கிய ஸ்டேடியா என்ற கிளவுட் கேமிங் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கிய விளையாட்டுகளுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது என்றாலும், எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே விளையாட்டுகளை விலைக்கு வாங்காமல், முதலில் மாதச் சந்தாவில் சேருங்கள்.