சொந்த வண்டிக்கு டீசல் கணக்கு: சில கேள்விகள், பதில்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஒரே ஒரு லாரி வைத்துத் தானே ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் டீசல் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். நானும் பல வருடம் டாரஸ் லாரி ஓட்டியவன்தான். இப்போது வண்டிக்காரர்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன்.

ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றி மாதம் நாலு நடை பெங்களூர் போகிறேன். வரும்போது கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்வது இன்னமும் லாபமா அண்ணே?

லாபம்தான். ஆனால் பழைய லாபம் இல்லை. 2024 ஜூனுக்கு முன்னால் ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேலே வித்தியாசம் இருந்தது. அந்த ஜூனில் கர்நாடகா வரியைக் கூட்டியதில் அங்கே சுமார் மூன்று ரூபாய் ஏறியது. 2025 ஏப்ரலில் மறுபடியும் இரண்டு ரூபாய் ஏறியது. பழைய நினைப்பில் இன்னமும் அங்கே போய் வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் அன்று காலை இரண்டு ஊர் விலையையும் ஆப்பில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். காரைக்குடியிலிருந்து திருச்சி, நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி வழியாக பெங்களூருக்குச் சுமார் 430 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தருகிற வண்டிக்குப் போக 108 லிட்டர் வேண்டும். இங்கிருந்து 125 லிட்டரோடு கிளம்பி, திரும்பும்போது அங்கே 200 லிட்டர் பிடித்தால் நடைக்கு 400 ரூபாய் மிச்சம். வழியிலேயே இருக்கும் பங்க் என்றால் பிடியுங்கள். அதற்காக ஊருக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் நின்றால் அந்த 400 கரைந்துவிடும்.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். போக வர 860 கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 215 லிட்டர் குடிக்கும். அதே வண்டி 4.3 கொடுத்தால் 200 லிட்டர் போதும். பதினைந்து லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,380 ரூபாய். நாலு நடைக்கு 5,520. அத்திப்பள்ளி தருவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. இதை நான் வருகிற ஆள் எல்லோரிடமும் சொல்கிறேன். எந்த பங்க் மலிவு என்று விசாரிப்பவர்கள்தான் அதிகம், என் வண்டி உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பவர் குறைவு.

கண்டுபிடிக்கும் வழி பழையதுதான், டேங்க் டூ டேங்க். ஒரே பங்க்கில், ஒரே சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறியுங்கள். நடை முடிந்து அதே இடத்தில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை ஏறிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். லோடு எத்தனை டன், திரும்பும்போது காலியா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர் இது, ஒரு நாற்பது பக்க நோட்டு நமக்குப் பெரிய காரியமில்லை. மூன்று நடை எழுதினாலே வித்தியாசம் தெரியும். டாப் கியரில், இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் பச்சைக் கோட்டுக்குள் ஊசியை வைத்து, 55–60 வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். லோடு இறக்கும் இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

எங்கள் ஊர் பங்க்கில் கணக்கு வைத்திருக்கிறேன். 15 நாள் கழித்துக் கொடுத்தால் போதும், லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடப் போடுவார்கள். ஒரு ரூபாய்தானே?

அதை ஒரு ரூபாயாகப் பார்க்காமல் வட்டியாகப் பாருங்கள். 92 ரூபாய்ச் சரக்குக்கு 15 நாளைக்கு ஒரு ரூபாய் என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் ரெண்டு வட்டிக்கு மேலே. வருடத்துக்கு நூற்றுக்கு 26. வங்கியில் நகையை வைத்தால்கூட இதில் பாதிக்கும் குறைவாகத்தான் கேட்பார்கள். இதே ரெண்டு வட்டிக்கு வெளியில் யாராவது பணம் தருகிறேன் என்றால் யோசித்திருப்பீர்கள். டீசலாகக் கொடுத்ததால் உறைக்கவில்லை.

ஒரே ஒரு தடவை, ஒரு மாதம் சிரமப்பட்டு, இரண்டு நடைக்கான டீசல் பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அந்தப் பணம் வீட்டுச் செலவுக்கோ டயருக்கோ போகக்கூடாது. வாடகை வந்ததும் முதலில் அதை நிரப்புங்கள். மாதம் 800 லிட்டர் போடுபவருக்கு 800 ரூபாய் அப்படியே நிற்கும். வருடத்துக்கு 9,600.

டீசல் பிடிக்க ஆயில் கம்பெனிகள் தருகிற கார்டையும் யோசிக்கலாம். இந்தியன் ஆயிலில் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தில் ஸ்மார்ட்ஃப்ளீட், இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் டிரைவ்டிராக் பிளஸ். பத்து வண்டி வைத்திருப்பவருக்குத்தான் என்று நினைத்து ஒற்றை வண்டிக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு வண்டிக்கும் கேட்டு வாங்கலாம். பாயிண்ட் எவ்வளவு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் ஓடுகிற ரோட்டில் எந்தக் கம்பெனியின் பங்க் நிறைய இருக்கிறதோ அந்தக் கார்டு. தேதி, லிட்டர், விலை மூன்றும் பட்டியலாகக் கையில் வருவதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

புக்கிங் ஆபீஸில் அட்வான்ஸைப் பணமாகத் தராமல் டீசல் சீட்டாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பணமாகக் கேளுங்கள், முதலில் அதுதான். முடியாது என்றால், சீட்டில் ரூபாயை மட்டும் எழுதவிடாதீர்கள். லிட்டரையும் அன்றைய விலையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ‘15,000 ரூபாய்க்கு டீசல்’ என்ற சீட்டில், பங்க்காரர் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஏற்றிப் போட்டால் 240 ரூபாய் போனதே தெரியாது. அந்த பங்க் போர்டில் இருக்கும் விலைக்கு மேல் ஒரு பைசா வந்தாலும் அதை வாடகையோடு சேர்த்துக் கேளுங்கள். புரோக்கர் கமிஷனைத் தனியாகக் கொடுத்துவிட்ட பிறகு டீசலிலும் எதற்குக் கொடுக்க வேண்டும்?

விடியற்காலையில் டீசல் பிடித்தால் அளவு கூடக் கிடைக்குமாமே?

கிடைக்காது. டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. மேலே வெயில் எப்படி அடித்தாலும் உள்ளே சூடு பெரிதாக மாறுவதில்லை. ஒரு டிகிரி மாறினாலும் 200 லிட்டருக்குக் கால் லிட்டர்கூட வித்தியாசம் வராது. தூங்குங்கள். ஒன்று மட்டும்: 2017 ஜூனிலிருந்து விலை மாறுவதானால் காலை 6 மணிக்குத்தான் மாறும்.

புதுவயலில் அரிசி ஏற்றி கோட்டயம் போகிறேன். சில சமயம் ஆந்திரா லோடும் வரும். எங்கே நிரப்புவது?

இரண்டுக்கும் ஒரே பதில், இங்கேயே. கேரளாவிலும் ஆந்திராவிலும் நம்மைவிட டீசல் விலை அதிகம். கேரளாவில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் வேறு. குமுளி ஏறுவதற்கு முன் கம்பத்திலேயே, கோட்டயம் போய்த் திரும்பும் வரைக்கும் சேர்த்துப் போடுங்கள். மலை ஏற்றத்தில் மைலேஜ் விழும், அதற்கும் கொஞ்சம் கூடவே. ஆந்திராவுக்கு என்றால் தடாவுக்கு முன்னாலேயே. நாகப்பட்டினம் பக்கம் லோடு கிடைத்தால் காரைக்காலில் பிடிக்கலாம், புதுச்சேரி வரி என்பதால் அங்கே மலிவு. லோடு இல்லாமல் அதற்காகவே காரைக்கால் போகாதீர்கள்.

பங்க்கில் அளவு குறைகிறதோ என்று சந்தேகம். டேங்க் 300 லிட்டர்தான், 310 ஏறியதாக பில் வந்தது.

டேங்க் அளவை வைத்து முடிவு கட்ட முடியாது. கம்பெனி சொல்லும் அளவுக்கு மேலேயும் கழுத்து வரை பிடிக்கும். முத்திரை போட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை, சண்டை போடும் தொனியில் கேட்க வேண்டியதில்லை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய அனுமதி உண்டு. அதைத் தாண்டினால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். 25 மில்லி சின்னதாகத் தெரியலாம், 200 லிட்டருக்கு அதுவே ஒரு லிட்டர். ஆகவே இரண்டு மூன்று பங்க்கில் அளந்து பார்த்து, நன்றாக வருகிற இடத்தில் நிலையாகப் பிடிப்பது நல்லது.

டீசல் பில்லைக் காட்டி வரி குறைக்க முடியுமா?

டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதனால் அதில் திரும்ப எடுக்க எதுவும் இல்லை. வருமான வரியில் உத்தேச வருமான முறையில் போகிறீர்கள் என்றால் 12 டன்னுக்கு மேல் மொத்த எடையுள்ள வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வருமானம் கணக்காகும், டீசல் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. பில்லை மைலேஜ் கணக்குக்காக வைத்திருங்கள்.

லிட்டருக்குப் பதினைந்து ரூபாய் குறைத்து, பேரலில் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வண்டி 2021 மாடல்.

வேண்டாம் தம்பி. எண்ணெய்க் கழிவோ, தொழிற்சாலைக்கான எண்ணெயோ, எது கலந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. உங்களுடையது பிஎஸ்-6 வண்டி. பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசலுக்காகச் செய்த இன்ஜின் அது. கண்டதை ஊற்றினால் இன்ஜெக்டரும் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டியும் சேர்ந்து போகும்.

என் பழைய வண்டியிலேயே பட்டிருக்கிறேன். திருமயம் தாண்டி ஒரு மழைநாள் ராத்திரி, அவசரத்துக்கு ரோட்டோரம் ஒரு இடத்தில் பேரல் டீசல் நாற்பது லிட்டர் வாங்கினேன். லிட்டருக்கு நாலு ரூபாய் குறைவு என்று மனசுக்குள் சந்தோஷம். பதினைந்து கிலோமீட்டரில் வண்டி இழுத்து இழுத்து நின்றது. பம்ப் முழுக்கத் தண்ணீர். லோடு ஒரு நாள் தாமதம், வாடகையில் பிடித்தம், பம்ப் வேலை தனி. கிளீனர் பையன் அந்த மழையில் பழைய டீசலை வாளியில் வடித்து ஊற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மிச்சம் பிடித்தது மொத்தம் 160 ரூபாய்.

ஏற்கனவே கொஞ்சம் ஊற்றிவிட்டீர்கள் என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை முழுதாக வடித்து, இரண்டு ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பிறகு பங்க் டீசல் போடுங்கள்.