கொடி தூக்கும் ஹெலிகாப்டரும் ஒரு டாக்டர் சீட்டும்

சிங்கப்பூரில் ஓ லெவல் முடிவு வந்த மறுநாள் மாலை. என் மேசைக்கு எதிரே படிப்பு ஆலோசனை கேட்டு வந்த நான்கு பேர்: அப்பா, அம்மா, மகள், கூடவே பெரியம்மா. பிள்ளைக்கு எல்1ஆர்5 என்ற ஆறு பாடக் கணக்கில் 13 புள்ளி; இதில் புள்ளி குறையக் குறைய நல்லது. இனிப்போடு வந்திருக்க வேண்டியவர்கள், துக்க வீட்டிலிருந்து வருகிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். பிள்ளைக்குத் தொடக்கக் கல்லூரி (ஜேசி) வேண்டாமாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் டிப்ளோமா படிக்க வேண்டுமாம். முடித்ததும் ஆகாயப்படையில் பொறியாளராகச் சேர்ந்து ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக வேண்டுமாம். உயர்நிலைப் பள்ளியில் தேசிய மாணவர் படையின் ஆகாயப் பிரிவில் இருந்தவள். ஆஸ்திரேலியாவின் ஓக்கியில் நம் ஹெலிகாப்டர்கள் நிற்கின்றன என்று அங்கே யாரோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“பொம்பளப் பிள்ள, ஸ்பேனரும் கையுமா, அதுவும் ஆஸ்திரேலியாவுல போய்...” என்று பெரியம்மா ஆரம்பித்தார். அவர் மகன் டாக்டர். அது மூன்றாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

முதல் பத்து நிமிடம் எல்லாரையும் போல நானும் தட்டிக்கொடுத்தேன். இது பெரிய விஷயமில்லை, பேசித் தீர்க்கலாம் என்றேன். அப்போது அந்த அம்மா சொன்னார்: “ஜேசி போகட்டும் சார். இங்க மெடிசின் கிடைக்கலன்னா ஆஸ்திரேலியாவுல சேர்த்துடலாம். அஞ்சறை வீட்டை வித்துட்டு மூவறைக்குப் போயிடலாம்னு அவங்கப்பாவும் சரின்னுட்டாரு.”

அதோடு தட்டிக்கொடுப்பதை நிறுத்தினேன்.

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவராக மருத்துவம் படிக்க, கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து அரை மில்லியன் வெள்ளியைத் தாண்டலாம். அந்த அப்பாவுக்கு 51 வயது. ஜேசி இரண்டு ஆண்டு, மருத்துவம் ஐந்தோ ஆறோ. பிள்ளை முதல் சம்பளம் வாங்கும்போது இவர் அறுபதை நெருங்கியிருப்பார், கையில் வீட்டுப் பணமும் இருக்காது. பிள்ளை ஏங்கிக் கேட்ட படிப்பு என்றால்கூட இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். இவள் கேட்கவே இல்லை. “டாக்டராகணும்னு எப்பவாவது நீயா சொல்லியிருக்கியாம்மா?” என்று கேட்டேன். “இல்ல சார்.” அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளை கேட்காத பட்டத்துக்காக வீட்டை விற்பது தியாகம் ஆகாது. அந்தக் கடனை வாழ்நாள் முழுக்க மனதில் சுமக்கப்போவது அவள்தான்.

ஜேசி, பல்கலைக்கழகம், சட்டம், கணினி பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இருக்கிறார். எந்த மாமாவும் சொல்லாத வேலையைப் பற்றித்தான் இது.

தேசிய தினத்தன்று கொடியைத் தொங்கவிட்டபடி, இரண்டு பக்கமும் அப்பாச்சி போர் ஹெலிகாப்டர்கள் துணைவர ஒரு பெரிய ஹெலிகாப்டர் மெதுவாகப் போகும். எழுந்து நின்று படம் பிடித்திருப்பீர்கள். அதுதான் சினூக். வால் பக்கம் சின்ன விசிறி கிடையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பெரிய ரோட்டர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இறக்கைகள், சுற்றும் வட்டத்தின் விட்டம் 18 மீட்டருக்கு மேல். ஒன்று இடமாகச் சுற்றும், மற்றொன்று வலமாக. இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதாவது முன் இறக்கை போகும் இடத்துக்குப் பின் இறக்கையும் வரும், ஆனால் அதே நேரத்தில் வராது. நிமிடத்துக்கு 225 சுற்று வேகத்தில் அவை மோதாமல் இருக்க, உடலின் மேற்பகுதியில் நீளவாக்கில் ஓடும் தண்டுகளும் ஐந்து கியர்பாக்ஸுகளும் அவற்றை ஒரே தாளத்தில் பூட்டி வைத்திருக்கின்றன.

அந்தப் பூட்டு ஒருமுறை விட்டுப்போனது. 1986 நவம்பர் 6, ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் உள்ள சம்பர்க் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது, எண்ணெய்க் கிணற்று ஊழியர்களை ஏற்றிவந்த சினூக்கின் பயணிகள் வடிவம். முன் கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கர வளையம் விரிசல் விட்டு உடைந்தது. தாளம் தப்பி இறக்கைகள் மோதிக்கொண்டன. இருந்த 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெயில் காந்தத்தைப் பிடித்து அதில் ஒட்டும் இரும்புத் துகளைப் பார்ப்பது, எண்ணெய் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது, அதிர்வை அளந்து இறக்கைகளைச் சமன் செய்வது, ஒருவர் முடுக்கிய போல்ட்டை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது, வேலை முடிந்ததும் ஒரு ஸ்பேனர்கூடக் குறையவில்லை என எண்ணி வைப்பது எல்லாம் எதற்காக என்று புரிய வேண்டும் அல்லவா? டாக்டர் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைத் தொடுகிறார். இந்த வேலையில் ஒரு கையெழுத்துக்குப் பின்னால் முப்பது பேர் ஏறி உட்காருகிறார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

(மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய நகைச்சுவை உண்டு: ஹெலிகாப்டர் எண்ணெய் கசிந்தால் கவலைப்படாதே, கசிவது நின்றால்தான் கவலைப்படு, எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளை சிரித்துவிட்டாள். அந்த மாலையில் அவள் சிரித்தது அப்போதுதான்.)

சரி, வெளிநாடு எங்கே வந்தது? நம் தீவு சின்னது, வானம் அதைவிட நெரிசல். அதனால் 1990களின் கடைசியிலிருந்து நம் ஆகாயப்படை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், டூவும்பா நகருக்குப் பக்கத்து ஓக்கியில் ஹெலிகாப்டர் பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. சூப்பர் பூமா ரக ஹெலிகாப்டர்கள் அங்கே பல காலம் பறந்தன. அவற்றுக்குப் பதிலாக எச்225எம் ரகத்தையும், பழைய சினூக்குகளுக்குப் பதிலாகப் புதிய எஃப் ரகத்தையும் வாங்குவதாகத் தற்காப்பு அமைச்சு 2016இல் அறிவித்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கிராண்ட் பிரேரியிலும் 1996 முதல் நம் சினூக் பிரிவு இயங்கியது. 2005இல் கத்ரீனா புயல் லூசியானாவைப் புரட்டியபோது அங்கிருந்த நம் சினூக்குகள்தான் போய் மக்களை மீட்டன. 2017இல் ஹார்வி புயலின்போதும் போயின. 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது ஓக்கியிலிருந்து இரண்டு சினூக்குகளும் 42 பேர் வரையிலான நம் குழுவும் விக்டோரியாவின் ஈஸ்ட் சேல் தளத்துக்குப் போனார்கள். செய்தியில் விமானி தெரிவார். முந்தைய இரவு டார்ச் வெளிச்சத்தில் அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டவர் தெரியமாட்டார்.

வெளிநாடு போவது பயிற்சிக்கு மட்டுமல்ல. 2004 டிசம்பர் சுனாமியில் இந்தோனேசியாவில் அச்சேயின் மெலாபோவுக்குச் சாலை அறுந்துபோனபோது நம் சினூக்கும் சூப்பர் பூமாவும் சாமான் சுமந்தன. 2009இல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைக் கண்காணிக்கப் போன கப்பலில் சூப்பர் பூமாக்கள் இருந்தன. கப்பலில் இந்த வேலையின் முதல் எதிரி உப்பு. நல்ல தண்ணீரால் கழுவிக் கழுவித்தான் இயந்திரத்தைக் காப்பாற்ற வேண்டும். குவீன்ஸ்லாந்தில் எதிரி புழுதி. ஷோல்வாட்டர் பே பயிற்சி நிலம் நம் தீவைப்போல நாலு மடங்கு. ஹெலிகாப்டர் தரையிறங்கும்போது கிளம்பும் மண், இன்ஜினுக்குள் போய்க் கம்ப்ரசர் இறக்கைகளை அரத்தைப் போல அராவும், ரோட்டர் இறக்கையின் முனையையும் தின்னும். இங்கே செம்பவாங் விமானத் தளத்தில் ஒரு பாகம் பழுதானால் பக்கத்துக் கிடங்கில் கேட்கலாம். ஓக்கியில் கையில் இருப்பதை வைத்துத்தான் முடிக்க வேண்டும். ஆட்கள் குறைவு, அதனால் கற்றுக்கொள்வதும் வேகமாக நடக்கும். நான் அறிந்த ஒருவர் சொன்னார்: “செம்பவாங்ல மூணு வருஷத்துல கத்துக்கிட்டத ஓக்கியில ஒரு வருஷத்துல கத்துக்கிட்டேன். ஜூலை ராத்திரில விரல் மரத்துப்போய் நட்டு கீழ விழும், அத மட்டும் மறக்க முடியல.” கீழே விழுந்த நட்டைக் கண்டுபிடிக்கும்வரை ஹெலிகாப்டர் நகராது, விடிந்தாலும் சரி.

இப்போது பிள்ளையின் பக்கம் திரும்பினேன். பெற்றோரிடம் மட்டும் கண்டிப்பாக இருந்தால் நியாயமில்லை.

ஓக்கிக்காக இந்த வேலையில் சேராதே. வெளிநாட்டுப் பணி கேட்டவுடன் கிடைக்காது. உள்ளூர் ஹேங்கரில் சில ஆண்டு கை பழகிய பிறகு, படையின் தேவையைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். கடைசிவரை உன் முறை வராமலும் போகலாம். செம்பவாங்கில் மழைநாள் மதியம், வியர்வையோடு ஹைட்ராலிக் குழாய் மாற்றுவது பிடிக்குமா? அது பிடித்தால் மட்டும் வா. அவள் சொன்ன பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டில் பழுதான சலவை இயந்திரத்தைத் தான் பிரித்துப் போட்ட கதையைச் சொன்னாள். அம்மா உடனே, “பிரிச்சா சார், மூணு நாள் துணி துவைக்க முடியல” என்றார். “நாலாவது நாள்?” “ஓடிச்சு.”

அடுத்தது காசு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசு மானியம் போகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி. அரை மில்லியனுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் பாலிடெக்னிக், தெமாசெக், நன்யாங் என இந்தத் துறைக்குப் பல வாசல்கள். முடிவு எதிர்பார்த்தபடி வராத பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், அங் மோ கியோவில் உள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே மாணவர்கள் பழக ஒரு போயிங் 737 நிற்கிறது. அந்த வாசல் வழியாகவும் படையில் தொழில்நுட்ப வேலைகளுக்கான இராணுவ வல்லுநர் திட்டத்துக்குள் நுழையலாம்.

அப்பா உடனே கேட்டார்: “படையே படிப்புச் செலவ ஏத்துக்குமாமே, இப்பவே எழுதிக் கொடுத்துடலாமா?”

வேண்டாம். இதில் நான் அசையமாட்டேன். உதவித்தொகை என்றால் பிணைப்பு உண்டு, அதாவது படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டு படையில் வேலை செய்தே ஆக வேண்டும். இடையில் விலகினால் இழப்பீடு கட்ட வேண்டும். 17 வயதுப் பிள்ளையின் ஐந்தாறு ஆண்டுகளை, ஆண்டுக்கு 3,000 வெள்ளி மிச்சப்படுத்த எழுதிக்கொடுக்காதீர்கள். அது உங்களால் கட்ட முடிந்த தொகை. டிப்ளோமாவின் மூன்று ஆண்டில் அவள் மனம் மாறினால் மாறட்டும். விமானப் பொறியியலிலேயே வேறு பக்கம் போகலாம், சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் விமான அமைப்புப் பொறியியல் பட்டத்துக்கும் முயலலாம். மாறாவிட்டால் இருபது வயதில், தானே படித்துப் பார்த்து, தானே கையெழுத்துப் போடட்டும்.

படையை விட்டு வந்தபிறகு என்ன என்று கேட்பவர்களுக்கு: படையில் செய்த வேலை தானாகச் சிவில் உரிமம் ஆகிவிடாது. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் எஸ்ஏஆர்-66 உரிமத்துக்குத் தனித் தேர்வுகள் இருக்கின்றன. டர்பைன் ஹெலிகாப்டருக்கு பி1.3 பிரிவு. பணியில் இருக்கும்போதே அந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தவருக்கு, விமானப் பராமரிப்பு நிறுவனங்கள் இருக்கும் சிலேத்தாரில் கதவு திறக்கும். நாற்பது வயதில் புத்தகத்தைத் திறப்பவர் திண்டாடுவார்.

சேர்க்கைக்கு அவகாசம் சில நாள்தான். மொத்தம் 12 தெரிவு போடலாம். முதல் நான்கில் விமானப் பொறியியல், ஐந்தாவதாக அம்மாவின் நிம்மதிக்கு ஒரு தொடக்கக் கல்லூரி என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ஆகாயப்படையின் ஆள்சேர்ப்பு மையத்துக்குப் போய் இவற்றைக் கேட்கச் சொன்னேன்: எந்த ஹெலிகாப்டரில் போடுவார்கள் என்பதில் என் விருப்பத்துக்கு இடம் உண்டா, பிணைப்பு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும், சிவில் உரிமத் தேர்வுக்கு விடுப்பு தருவார்களா, இப்போது வெளிநாட்டில் இருக்கும் பெண் பொறியாளர் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்ய முடியுமா. கேள்விகளைப் பிள்ளையே தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். அவளே கேட்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள், பெரியம்மாவும்தான்.